தொண்டைக் கரகரப்பும் தும்மலும்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற காது-மூக்கு-தொண்டை மருத்துவரான அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஆபரேஷன் சமாச்சாரம் வேண்டாம், எல்லோருக்கும் உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள்" என்றார் நம் தலைவர். வந்து உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் இந்த ஹாலிலேயே நாலு தும்மல் கேட்டேன். தலைப்பு கிடைத்துவிட்டது.

தும்மினால் உடனே "ஜலதோஷம்" என்று சொல்லிவிடுகிறோம். அது ஜலதோஷமா, அலர்ஜியா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜலதோஷம் வைரஸால் வருவது. தொண்டை கரகரக்கும், உடம்பு வலிக்கும், லேசாக ஜுரம் இருக்கலாம். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானே போய்விடும். அலர்ஜி அப்படியல்ல. ஜுரம் இராது. கண், மூக்கு, மேலண்ணம் எல்லாம் அரிக்கும். காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுதல், இப்படி வாரக்கணக்கில் நீடிக்கும்.

மாற்றலாகி ஊர் ஊராகப் போனவர்கள் நம்மில் பலர். பழைய ஊரில் இல்லாத தும்மல் புது ஊரில் வருவதுண்டு. டில்லியில் சீமைக் கருவேல மகரந்தம், பெங்களூரில் பார்த்தீனியம், மும்பை மழைக்காலத்தில் சுவர் ஓதத்தில் வளரும் பூஞ்சை. எல்லா ஊருக்கும் பொது, மெத்தை தலையணையில் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணி. படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒரு முறை நல்ல வெந்நீரில் துவையுங்கள். பரணையை ஒழிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஊதுவத்தி, சாம்பிராணி, ஹோமப் புகை ஆகியவையும் மூக்கை உறுத்தும். பூஜையை விடச் சொல்லவில்லை, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

இனி வைத்தியம். ஜலதோஷத்துக்கு ஓய்வு, வெந்நீர், உப்புப் போட்டுக் கொப்பளிப்பது போதும். பாட்டியின் சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம்தான், குடியுங்கள். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளானால் மட்டும் அது தேவை என்று அர்த்தமில்லை. ஆனால் குழந்தைக்கு இருமல், தும்மல் இல்லாமல் கடும் தொண்டை வலி, ஜுரம், கழுத்தில் நெறி கட்டுதல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் வாதஜுரம் வந்து இருதய வால்வைக் கெடுக்கலாம். அப்போது ஆன்டிபயாடிக்கைச் சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே நல்ல மருந்து. ஒரே நாளில் கேட்காது, சில நாள் விடாமல் போட வேண்டும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வறட்டு இருமலும் தொண்டை உறுத்தலும் மாதக்கணக்கில் இருந்தால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக என் வீட்டுக் கதை. என் தகப்பனாருக்கு அப்போது 74 வயது. நான் வேலையாக வேறு ஊரில் இருந்தேன். தும்மல் என்று கடையில் ஜலதோஷ மாத்திரை வாங்கி மூன்று வேளை போட்டுக்கொண்டார். அவருக்கு ப்ராஸ்டேட் வீக்கம் உண்டு. கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அன்று ராத்திரி சிறுநீர் அடியோடு நின்றுபோய், ஆஸ்பத்திரியில் டியூப் போடும்படி ஆயிற்று. ஊருக்கெல்லாம் மருந்து எழுதிய நான், அப்பாவிடம் "இந்த மாத்திரை உனக்கு ஆகாது" என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். எனக்கு அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

ப்ராஸ்டேட், கிளாக்கோமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கூட்டு ஜலதோஷ மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது.

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற காலம் இது. இன்று வீட்டுக்குப் போனதும் பெற்றோருக்கு ஒரு போன் போட்டு, மருந்துப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.