எச்சிலும் நாடாவும்



கைத்தறிக் கண்காட்சிகளிலும் கைவினைக் கூடல்களிலும் அடிக்கடி ஒன்றைக் கேட்கிறோம்: நூலுக்குச் சாதியில்லை, நெசவு எல்லோரையும் இணைக்கும் என்று. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் நூலிலும் தீட்டுப் பார்த்த வரலாறு ஒன்று நமக்கு உண்டு. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு இணக்கம் பேச முடியாது.

பம்பாய்ப் பஞ்சாலைகளை எடுத்துக்கொள்வோம். தலித் தொழிலாளர்கள் அங்கே பெருமளவில் உழைத்தார்கள். ஆனால் பெரும்பாலும் நூற்புப் பிரிவில். கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. திறமைக் குறைவு காரணமல்ல. ஊடை நூல் தீர்ந்ததும் நாடாவில் புதிய நூலைப் பொருத்தி, அதன் முனையைத் துளை வழியாக வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தலித்தின் எச்சில் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். இயந்திரம் புதியது, தீட்டு பழையது.

1928இல் பம்பாய் ஆலைகளில் மாதக்கணக்கில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது அண்ணல் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் ஒரு நிபந்தனை வைத்தார். எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்யும் உரிமை தலித்துகளுக்கு உண்டு என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். இல்லையென்றால் எங்கள் மக்களை வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்பேன் என்றார். தயங்கித்தான் சேர்த்தார்கள். கோரிக்கையைப் பார்த்த முதலாளிகள், இது அநீதிதான் என்றால் அதற்குப் பொறுப்பு நாங்கள் அல்ல என்றார்கள். அந்தப் பதிலில் உண்மை இருந்தது. அந்தக் கதவைச் சாத்தியவர்கள் சக தொழிலாளர்களே.

போராட்ட நேரத்தில் சாதியைப் பேசினால் ஒற்றுமை குலையும் என்ற வாதம் நமக்குப் பழக்கமானது. குலைவதற்கு அங்கே ஒற்றுமை எங்கே இருந்தது? பிளவு ஏற்கெனவே தறிக்கூடத்தின் வாசலில் நின்றது. அம்பேத்கர் அதைப் பெயர் சொல்லிச் சுட்டினார், அவ்வளவுதான். கோரிக்கையை எழுதியதால் மட்டும் கதவு திறந்துவிடவும் இல்லை. பத்தாண்டு கழித்து, 1938இல், மன்மாடில் கூடிய ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டிலும் அவர் இந்த விலக்கலைச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று கைத்தறி, இயற்கைச் சாயம், பின்னல் வேலை என்று குழுக்கள் பெருகியுள்ளன. வேறுபாடுகளைத் தாண்டி உரையாடுவோம் என்று நம்மையும் அழைக்கிறார்கள். போவோம். உரையாடலுக்கு அஞ்சுகிறவர்கள் அல்ல நாம். போகும்போது சில கேள்விகளை எடுத்துச் செல்வோம். இங்கே தறியில் உட்காருவது யார்? விலை வைப்பது யார்? மேடையில் நெசவைப் பற்றிப் பேசுவது யார், பேச அழைக்கப்படாதவர் யார்? பகிர்ந்து உண்ணும் தட்டிலும் குடிக்கும் குவளையிலும் இன்னும் எச்சில் கணக்கு இருக்கிறதா?

இப்படிக் கேட்டால் சூழல் கெடுகிறது என்பார்கள். அவர்கள் சங்கடப்படுவார்கள் என்பதற்காக நாம் வாய் மூட வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்களின் நிம்மதியைக் காப்பது உரையாடலின் வேலை அல்ல. வெளியே நிறுத்தப்பட்டவருக்கு வேலையும் கூலியும் பேச்சுரிமையும் கிடைக்கும் இடத்திலிருந்துதான் அது தொடங்கும். 1928இல் அம்பேத்கர் வைத்த நிபந்தனை அதுதான். நம்முடையதும் அதுவே.

ஜெய் பீம்.