டோனாவூர் கண்ட மருத்துவமனை



களக்காட்டுக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் டோனாவூர். அயர்லாந்தில் பிறந்த ஆமி கார்மைக்கேல் 1901-இல் இங்கு வந்தார். கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். வந்த பிள்ளைகளில் பலர் கைக்குழந்தைகள். காய்ச்சலோ பேதியோ வந்துவிட்டால் பக்கத்தில் மருத்துவர் கிடையாது. மிஷன் மருத்துவமனை இருந்தது திருவிதாங்கூர் எல்லைக்குள், நெய்யூரில். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி மாட்டுவண்டியில் போக வேண்டும். நோயுற்ற சிசுவுக்கு அந்தப் பயணமே கொடுமை.

அதனால் நெய்யூரிலேயே ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார்கள். அதைத் தாங்கி நடத்தியவர் நம் மண்ணின் பெண், இளம் விதவையான பொன்னம்மாள். பால் கலக்குவது, இரவெல்லாம் கண்விழிப்பது, உதவிக்கு வந்த பெண்களுக்குத் தாதிமை கற்றுக்கொடுப்பது என்று எல்லாம் அவர் பொறுப்பு. 1915-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

பின்னாளில் டோனாவூரிலேயே மருத்துவமனை எழுந்தது. பெயர், பரம சுக சாலை. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் சாதி, மத வேறுபாடின்றி வந்து சிகிச்சை பெற்றார்கள். 

1931-இல் களக்காட்டில் குழியில் விழுந்து கால் முறிந்த ஆமி, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே முடங்கினார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. அவரை எல்லோரும் நினைக்கிறோம். இனி டோனாவூரைப் பற்றிப் பேசும்போது பொன்னம்மாளின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.