ஒரே ஓர் உறுப்பினரின் முன்னால்



பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூர்ப் பக்கம் அரசு வேலையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், '17 பி' என்றாலே முகம் மாறும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. பிறகு விசாரணை, தண்டனை, துறைக்குள்ளேயே மேல்முறையீடு. அதுவும் தள்ளுபடியானால் எங்கே போவது?

முன்பு அதற்கென்றே தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது. 1985ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின்படி 1988இல் வந்தது. உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தேங்காமல், ஊழியருக்குச் சீக்கிரம் தீர்ப்புக் கிடைக்கட்டும் என்பது எண்ணம். ஆனால் தீர்ப்பாயத்தின் முடிவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு ஆராயலாம் என்று 1997இல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, படி ஒன்று கூடியது.

2003 ஜூலை வேலைநிறுத்தம் பலருக்கு நினைவிருக்கும். 'டெஸ்மா' என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் விசாரணையே இல்லாமல் நீக்கப்பட்டார்கள். முதலில் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது உயர் நீதிமன்றம். அங்கே அப்போது பணியில் இருந்ததோ ஒரே ஓர் உறுப்பினர்! அவர் எத்தனை மனுவைத்தான் படிப்பார்? இந்த நீக்கத்தை எதிர்த்த ரங்கராஜன் வழக்கில் ஆகஸ்ட் 6ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இதைச் சுட்டிக்காட்டியது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அரசு ஊழியருக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தே பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

தீர்ப்பாயத்தை அறிவிப்பது சுலபம். நாற்காலிகளை நிரப்புவதில்தான் அரசுகளுக்குக் கை வராது. 2006இல் நிர்வாகத் தீர்ப்பாயத்தையே மூடி, வழக்குகளை உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

அதனால் இப்போது பக்கத்துத் திருச்சிக்காரர் வழக்குப் போட மதுரைக் கிளைக்குப் போகிறார். பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கோ சென்னைதான். பஸ் செலவு, வக்கீல் செலவு, விடுப்பு எல்லாம் சேரும். அதனால் துறை மேல்முறையீட்டையே ஒழுங்காக எழுதுவது நல்லது. தண்டனை ஆணை சொல்வதற்கு வரிசையாகப் பதில், ஆதாரத்தின் நகல், பெற்றதற்கான ஒப்புகையோடு விரைவுத் தபால். கெடு, அந்த ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஆகவே அது வந்த தபால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தேதி முத்திரை அதில்தான் இருக்கிறது.