பொடி டப்பாவும் என் கிட்னியும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசியது. பேசியபடியே தருகிறோம்.)

சர்க்கரை நோயைப் பத்தி நீதான் பேசணும்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. டாக்டர் பேச வேண்டிய விஷயம். பட்டவ சொன்னா நாலு பேர் காதுல ஏறும்னு நினைச்சிருப்பாங்க போல.

எனக்கு சுகர் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆள் எங்க ஊருக்கு மூலிகைப் பொடி கொண்டுவந்தார். மூணு மாசம் சாப்பிட்டா அப்புறம் மாத்திரையே வேண்டாம், இயற்கை மருந்து, ஒண்ணும் பண்ணாது என்றார். மூணு டப்பா 2,400 ரூபாய். கையில காசு இல்லை. குழுவில் உள்கடன் எடுத்தேன். பதிவேட்டில் 'மருத்துவச் செலவு' என்று எழுதினோம்.

பொடி ஆரம்பித்த அன்றைக்கே மாத்திரையை நிறுத்திட்டேன். முதல் மாசம் உடம்பு லேசா இருக்கிற மாதிரி தோணிச்சு. ரெண்டாம் மாசம் தாகம். ராத்திரி நாலு தடவை எழுந்து போனேன். அப்புறம் நீர்க்கடுப்பு. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு களை எடுக்கப் போனேன். காட்டுல மறைவா ஒதுங்க இடம் ஏது? அதனால் தண்ணியே குடிக்கிறதில்லை. வந்தாலும் சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிறது. சிரிக்காதீங்க, நீங்களும் அதைத்தான் செய்யறீங்க.

நாலாம் நாள் குளிர் காய்ச்சல். வலது பக்கம் விலாவுக்குக் கீழே, முதுகோட சேர்ந்து வலி. ஒரே வாந்தி. பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். சர்க்கரை 400-க்கு மேல இருந்தது.

அங்கே டாக்டரம்மா விளக்கிச் சொன்னாங்க. ரத்தத்துல சர்க்கரை அளவு மீறினா சிறுநீர்லயும் இறங்கும். கிருமிக்கு அது நல்ல தீனி. அடக்கி வைத்தால் கிருமி தங்கிப் பெருகும். மூத்திரப்பையில் இருந்து மேலே ஏறி சிறுநீரகத்தையே அழற்சியாக்கிவிடும். பொம்பளைகளுக்குச் சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு, அதனால் நமக்குத்தான் இது அதிகம். நீர்க்கடுப்போட காய்ச்சலும் முதுகுவலியும் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, அன்றைக்கே போகணும்.

காய்ச்சல் விட்டது. ஆனால் அதற்கப்புறம் எடுத்த பரிசோதனைகளிலும் சிறுநீரில் புரதம் போகிறதுன்னு வந்தது. இது வேற விஷயம். சர்க்கரை பல வருஷமா சிறுநீரகத்தின் வடிகட்டியை அரிச்சுக்கிட்டே இருக்கும். வலிக்காது. கால் வீங்கி, மூத்திரம் நுரைத்துப் போகும்போது பாதி தூரம் தாண்டியிருக்கும். அதனால்தான் சுகர் உள்ளவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர்ல புரதமும் ரத்தத்துல கிரியாட்டினினும் பார்க்கணும் என்கிறார்கள். ப்ரஷர் ஏறினால் அந்த வடிகட்டி இன்னும் சீக்கிரம் கெடும். எனக்கு ஒரு ப்ரஷர் மாத்திரை சேர்த்துக் கொடுத்தாங்க, அது புரதம் ஒழுகறதையும் குறைக்குமாம். வலி மாத்திரையை இனி தொடாதே என்றார்கள். மூட்டுவலிக்கு நாமளா வாங்கிப் போடுகிற மாத்திரைகளில் பலது சிறுநீரகத்துக்கு ஆகாது.

அப்போ இயற்கைப் பொருளே வேண்டாமான்னு கேட்பீங்க. வெந்தயம் நானும் ஊறவைத்துச் சாப்பிடுகிறேன். அதில் உள்ள நார்ச்சத்து, சாப்பாட்டுச் சர்க்கரை சட்டுனு ஏறாமல் கொஞ்சம் தாமதப்படுத்தும். பாகற்காயைப் பொரியலா சாப்பிடுங்க. ஆனா மாத்திரையும் போட்டு, வெறும் வயித்துல பாகற்காய்ச் சாறும் குடிச்சா சர்க்கரை ஒரேயடியாய் இறங்கி மயக்கம் வரலாம். இதெல்லாம் சாப்பாடு, மாத்திரைக்கு மாற்று இல்லை. பேர் தெரியாத பொடி வேண்டவே வேண்டாம். சிலதுல உலோகம் இருக்கும். சிலதுல இங்கிலீஷ் சுகர் மாத்திரையையே பொடிச்சுக் கலந்திருப்பான். சித்த மருந்து எடுக்கணும்னா அரசு சித்த மருத்துவரிடம் போங்க, என்னென்ன மாத்திரை சாப்பிடறோம்னு மறைக்காம சொல்லுங்க.

கிட்னி ஏற்கெனவே பலவீனமானவங்களுக்கு இளநீர், வாழைத்தண்டுச் சாறு கூட ஆபத்தாகலாம். அதில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கினால் இதயத்தைப் பாதிக்கும். நட்சத்திரப் பழமும் அவங்களுக்கு ஆகாது.

இனி உடற்பயிற்சி. 'நாள் பூரா காட்டுல குனிஞ்சு நிமிர்றோம், இதுக்கு மேல என்ன பயிற்சி'ன்னு நானும்தான் கேட்டேன். வேலை உள்ள நாளில் சரி. வேலை இல்லாத மாசங்களில்? பீடி சுத்துறவங்க, தையல் மெஷின்ல உட்கார்றவங்க? கை கால் தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். வாரத்தில் அஞ்சு நாள், அரை மணி நேரம், பேச முடியணும் ஆனா பாட முடியாது, அந்த வேகத்தில் நடக்கணும். நாங்க ஆறு பேர் ராத்திரி சாப்பிட்டதும் கோயில் வரைக்கும் போய் வருகிறோம். ஆரம்பத்துல ஊர்ல கேலி பண்ணாங்க. இப்போ அவங்க வீட்டு மாமியாரும் கூட வராங்க. செருப்பு இல்லாமல் நடக்காதீங்க, காலில் முள் குத்தினாலும் நமக்குத் தெரியாது. மாத்திரை, ஊசி போடறவங்க முந்தானையில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை முடிஞ்சுக்கணும். வேர்த்து, கை நடுங்கினா உடனே வாயில போட்டுக்கணும். காய்ச்சல் நாளில் நடை வேண்டாம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டுக்கு வந்து சுகர், ப்ரஷர் பார்த்து மாத்திரை தருகிற தன்னார்வலர்கள் நம்ம மாதிரி குழுக்களில் இருந்து போன பொண்ணுங்கதான். எங்க ஊருக்கு வர்ற பொண்ணுகிட்ட அன்னிக்குப் பொடியைக் காட்டியிருந்தா அந்த 2,400 ரூபாய் மிச்சம். கூச்சப்பட்டு ஒளிச்சு வச்சேன்.

போன மாசம் எங்க குழுவில் தீர்மானம் எழுதினோம். மருந்துக்கு உள்கடன் கேட்டால் டாக்டர் சீட்டைக் காட்டணும். களை எடுக்கப் போற இடத்துல நாலு குச்சி நட்டு, பழைய சேலையில் மறைப்புக் கட்டித் தரணும்னு ரெண்டு தோட்டக்காரங்ககிட்ட கேட்டிருக்கோம். ஒருத்தர் கட்டிக் கொடுத்துட்டார். இன்னொருத்தர் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்.

வெளியே திண்ணையில் செவிலியர் அம்மா சிறுநீர்ப் பரிசோதனைக்கு டப்பா வச்சிருக்காங்க. ரெண்டு மணி வரைக்கும் இருப்பாங்க. சுகர் உள்ளவங்க சாப்பாட்டு வரிசைக்கு முன்னாடி அங்கே போயிட்டு வாங்க.