திரையரங்கு அறையில் ஒரு நாவலாசிரியர்

விஞ்ஞானப் புனைகதை என்றதும் நம் நாட்டவர் நினைவில் முதலில் எழுபவர், 1956 முதல் இலங்கையிலே வாழ்ந்து 2008இல் கொழும்பில் மறைந்த ஆதர் சி. கிளார்க் ஆவார். அவரும் தம் இளமையில், இங்கிலாந்தில் ரசிகர்கள் தாமே தயாரித்து வழங்கிய சிற்றேடுகளில் எழுதிப் பழகியவர்தாம். அத்தகைய சிற்றேடு நடத்துவதையே வாழ்நாள் விளையாட்டாகக் கொண்ட ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவரே வில்சன் டக்கர். நண்பர்களுக்கு அவர் பொப் டக்கர்.

டக்கர் 1914ஆம் ஆண்டு நவம்பர் 23இல் இலினோய் மாநிலத்திலே பிறந்தார். புளூமிங்டன் என்னும் நகரிலே வளர்ந்தார். அங்கே திரையரங்கிற் படங்காட்டும் இயந்திரத்தை இயக்கும் தொழிலில் அமர்ந்தவர், 1972 வரை அத்தொழிலை விடவில்லை. நாவல்கள் பல வெளிவந்த பின்னரும் சோற்றுக்கு வழி அந்த இயந்திரமே. எழுத்தை அவர் வயிற்றுக்காக விரட்டவில்லை. ஆதலாற் போலும், அவர் எழுத்திலே அவசரம் காணப்படுவதில்லை.

அக்காலத்து ரசிகர் ஏடு என்பது யாது? ஸ்டென்சில் தாளிலே தட்டெழுதி, றோனியோ இயந்திரத்தில் உருட்டி, தபாற் செலவையும் தாமே ஏற்று, அறிந்தவர்க்கெல்லாம் அனுப்பும் சில பக்கங்கள். இலாபம் கிடையாது, பெறுவது நட்பு ஒன்றே. 1930களில் டக்கரும் நண்பர்களும் செய்த குறும்புகள் பல. விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளைக் கம்பி ஊசியால் தைப்பதை ஒழிப்பதற்கென்று ஒரு சங்கம் கண்டார் டக்கர். அதற்கு எதிர்ச் சங்கமும் தோன்றி, இல்லாத போர் ஒன்று ஏடுகளிலே மூண்டது. 1936இல், இருபத்தொரு வயதுடைய டக்கர் காலமானார் என்ற பொய்ச் செய்தி ஒரு பெரிய சஞ்சிகையிலேயே வெளிவந்துவிட்டது! அவ்வாறு 'இறந்தவர்' 1938 டிசெம்பரிலே தொடங்கிய ஏட்டுக்கு, நடைபிணம் என்று பொருள்படும் 'லெ ஸோம்பி' என்ற பெயர் பொருத்தமானதே அன்றோ?

அந்த ஏட்டிலேதான் 1941இல் அவர் ஒரு சொல்லைப் படைத்தார். அமெரிக்க வானொலியிற் பகல் வேளைகளில் ஒலித்த கண்ணீர்த் தொடர்களுக்குச் சவர்க்காரக் கம்பனிகள் பணம் கொடுத்தமையால், அவற்றைச் 'சவர்க்கார நாடகம்' என்று பரிகசிப்பது வழக்கம். அதனைப் பின்பற்றி, அரைத்த மாவையே அரைக்கும் விண்கப்பற் கதைகளை 'விண்வெளி நாடகம்' என அழைக்கலாம் என்றார் டக்கர். அன்று வசையாகப் பிறந்த சொல், பின்னாளில் ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று.

அவருடைய முதல் நாவல் 1946இல் வெளிவந்த 'சீனப் பொம்மை' என்னும் துப்பறியும் கதை. தம் கதைமாந்தர்க்கு நண்பர்களின் பெயர்களையே சூட்டிவிடுவது அவர் வழக்கம். பிற எழுத்தாளர் அவ்வாறு செய்யும்போதும், அச்செயலுக்கு டக்கரின் பெயரே வழங்கலாயிற்று.

ஏட்டிலே இவ்வளவு சிரித்தவர், நாவலில் இருண்டவராகின்றார். 1952இல் வந்த 'நீண்ட பேரமைதி'யிலே, அணுகுண்டும் கொள்ளைநோயும் அழித்த கிழக்கு அமெரிக்காவில் ஒரு போர்வீரன் அகப்படுகின்றான். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே உள்ளவர்கள் அவனைக் கடக்க விடுவதில்லை. நாட்டைக் காக்க வேண்டியவனே தன் நாட்டுக்கு நஞ்சாகின்றான்.

1958இல் வந்த 'லிங்கன் வேட்டையர்' சற்று வேறானது. 1856 மே 29இல் ஆபிரகாம் லிங்கன், அடிமை முறை பரவுவதை எதிர்த்துப் பேசிய பேச்சு ஒன்று காற்றோடு போயிற்று. செய்தியாளர்கள் மெய்ம்மறந்து குறிப்பெடுக்கத் தவறினர் என்பர். அப்பேச்சைப் பதிவுசெய்ய 26ஆம் நூற்றாண்டிலிருந்து சிலர் வருகின்றனர். அவர்கள் வந்து இறங்கும் ஊர் புளூமிங்டன்! தான் அன்றாடம் நடந்த தெருக்களையே டக்கர் கால யாத்திரிகருக்குத் திறந்துவிட்டார். ஒலிப்பதிவின் அருமை அறிந்த வானொலி நேயர்கள் இக்கதையின் ஏக்கத்தை எளிதில் உணர்வர்.

1970இல் ஹியூகோ பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசு நாவலுக்கன்று, ரசிகர் ஏடுகளில் எழுதிய வேடிக்கை எழுத்துக்கு! அதே ஆண்டிலேதான் அவருடைய தலைசிறந்த நாவலான 'அமைதிச் சூரியனின் ஆண்டு' வெளிவந்தது. எதிர்காலத்தைப் பார்த்துவர அரசாங்கம் சிலரை அனுப்புகின்றது. அவர்கள் காண்பது இனப்போரால் எரிந்துபோன தம் தேசத்தை. கதாநாயகன் சேனி ஒரு கறுப்பினத்தவன் என்பதை, நாவலின் பிற்பகுதி வரை ஆசிரியர் வெளியிடுவதில்லை. அதுவரை அவனை எந்த நிறத்தவனாக எண்ணி வந்தோம் என்று வாசகர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள நேரிடுகின்றது. இதனை வெறும் உத்தி என்று ஒதுக்குவது தவறு. நாவல் முழுவதும் அந்த ஒரு கேள்வியின்மேல் நிற்கின்றது. 1976இல் இதற்கு ஜோன் கம்பெல் நினைவுப் பரிசு சிறப்பாக வழங்கப்பட்டது.

படங்காட்டும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னும் ரசிகர் மாநாடுகளுக்குச் சென்று இளைஞரோடு உரையாடுவதை அவர் நிறுத்தவில்லை. 2006 ஒக்டோபர் 6ஆந் திகதி, புளோரிடாவிலே, தம் 91ஆவது வயதிற் காலமானார். எழுபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த மரணச் செய்தி அன்றுதான் மெய்யாயிற்று.