நின்றோட்டம் சொல்லும் நோய்

(திருப்பதியில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மோட்டார் பட்டறைத் தொழிலாளர் சார்பில் ஆற்றிய உரை)

 

இசையும் இலக்கியமும் முழங்கிய இம்மேடையில், எண்ணெய்க் கறை படிந்த கைகளையுடைய எங்களுக்கும் சிறிது நேரம் ஒதுக்கிய செயற்குழுவினருக்கு நன்றி. வேலூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் திருத்தணியிலிருந்தும் பிழைப்பை நாடி வந்து, சித்தூரிலும் திருப்பதியிலும் பட்டறை வைத்தவர்கள் நாங்கள். எங்களிடம் வருவோர் தெலுங்கிலும் தமிழிலும் பேசுகிறார்கள். இஞ்சின் பேசுவதோ ஒரே மொழி. அம்மொழியை நாங்களே ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டு, அதனால் ஒரு தாய்க்குத் துன்பம் விளைந்தது. அந்தக் கதையைச் சொல்லவே இங்கு வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறோம். வண்டி நிற்க, இஞ்சின் மட்டும் தானே மெல்ல ஓடிக்கொண்டிருப்பதைப் பட்டறையில் 'ஐடிலிங்' என்போம். இவ்வுரையில் அதை 'நின்றோட்டம்' என்று அழைப்போம். நாடி பார்த்து உடல்நிலையை அறிவதுபோல, நின்றோட்டத்தைக் கேட்டு இஞ்சினின் நிலையை அறியலாம்.

எங்களுள் மூத்தவர்கள் கார்புரேட்டர் காலத்தில் தொழில் கற்றவர்கள். 1955 முதல் சென்னையில் உருவாகி வந்த புல்லட் வண்டிகளை, ஒரு திருப்புளியும் தங்கள் செவியும் கொண்டே அவர்கள் சீராக்கினார்கள். திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் இஞ்சின் உடனே பதில் சொல்லும். 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் வழியாக நம் நாட்டு மோட்டார் சைக்கிளில் பெட்ரோலைப் பீய்ச்சும் 'இன்ஜெக்‌ஷன்' முறை நுழைந்தது. 2020 ஏப்ரல் முதல் நாளில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. இந்த மாற்றம் எங்கள் தொழிலைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது.

புதிய வண்டியில் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஈ.சி.யூ. என்னும் சிறு பெட்டி. அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. காற்றின் அழுத்தம், காற்றின் வெப்பம், இஞ்சினின் வெப்பம், ஆக்சிலேட்டர் திறந்திருக்கும் அளவு, இஞ்சினின் வேகம் ஆகியவற்றை அளக்கும் சென்சார்கள் கூறும் சாட்சியத்தைக் கேட்டு, இன்ஜெக்டரை நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடுகிறது. சைலென்சர் குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்து வெளிவரும் புகையை முகர்ந்து 'பெட்ரோல் மிகுதி' அல்லது 'பெட்ரோல் குறைவு' என்று அறிவிக்கிறது. அதைக் கேட்டுப் பெட்டி தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே பெட்டி ஒரு நீதிபதி, சென்சார்கள் சாட்சிகள். சாட்சி தவறினால் தீர்ப்பும் தவறும். அக்குற்றம் நீதிபதியுடையதன்று.

இனி நடந்ததைக் கூறுகிறோம். சித்தூரில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவர், மருந்துக் கடைகளுக்குச் சரக்கு எடுத்துச் செல்பவர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையிலுள்ள எழுபது கிலோமீட்டர் சாலைதான் அவருக்குச் சோறு போடுகிறது. பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஓசைக்காகச் சைலென்சரை மாற்றினார். வேகத்துக்காகத் திறந்த ஏர் ஃபில்டரைப் பொருத்தினார். அன்று தொடங்கியது தொல்லை. சூடேறிய பின் நின்றோட்டம் ஏறும், இறங்கும், திடீரென்று நின்றுவிடும். பெட்ரோலும் மிகுதியாகச் செலவாயிற்று. வேறொரு பட்டறையில் "ஈ.சி.யூ. போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும்" என்றார்கள். அவர் கேட்ட விலை அந்த இளைஞரின் ஒரு மாத ஊதியத்தை விழுங்கக் கூடியது. அவர் எங்களிடம் வந்தார்.

நாங்கள் பழைய பழக்கப்படி காதைக் கொடுத்துக் கேட்டோம். "கவலைப்படாதே தம்பி, ஸ்குரூவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்" என்றோம். ஆக்சிலேட்டர் தட்டை நிறுத்தும் திருகைச் சற்றே திருப்பினோம். வண்டி நிற்காமல் ஓடிற்று. அவர் மகிழ்ந்தார், நாங்களும் பெருமை கொண்டோம்.

அடுத்த வாரம் அவர் தம் தாயாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு திருமலைக்குச் சென்றார். 1974-இல் திறக்கப்பட்ட இரண்டாம் மலைப்பாதையில் ஏறி, 1944-இல் திறக்கப்பட்ட முதற் பாதையில் இறங்குவதே அங்கு வழக்கம். தரிசனம் முடித்து இறங்கும்போது ஒரு வளைவில் இஞ்சின் நின்றது. நிலைகுலைந்து வண்டி சாய்ந்தது. அந்த அம்மையாரின் கால் சூடான குழாயின்மேல் பட்டு வெந்தது. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் விழிப்போடு இருந்தமையால் பெருந்தீங்கு ஏற்படவில்லை. மருத்துவச் செலவை நாங்கள் ஏற்றோம். ஆனால் வெந்த கால் வெந்ததுதான்.

அன்றிரவு பட்டறையில் அமர்ந்து, நாங்கள் செய்த பிழை யாது என்று ஆராய்ந்தோம். பல வண்டிகளில், ஆக்சிலேட்டர் முழுவதும் மூடியிருக்கிறது என்று சென்சார் சொன்னால்தான் பெட்டி நின்றோட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். நாங்கள் திருகைத் திருப்பியதால் தட்டு சிறிது திறந்தே நின்றது. மூடிய கதவைப் பெட்டி திறந்த கதவு என்று எண்ணியது. இறக்கத்தில் வேகம் தணிந்து, பெட்டி இஞ்சினைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய அக்கணத்தில் அது பிடிக்கவில்லை. நோயை மறைத்துவிட்டு, நோய் தீர்ந்தது என்று நாங்கள் சொல்லியிருக்கிறோம்.

மறுநாள் திருகைப் பழைய நிலைக்குக் கொணர்ந்து, முதலிலிருந்து தேடினோம். ஸ்கேனர் கருவியை இணைத்தபோது ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்றே ஓயாது சொல்லிற்று. பெட்டியும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிற்று. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அது கரி படிந்து கறுத்திருந்தது! பெட்ரோல் மிகுதியானால்தான் பிளக் அவ்வாறு கறுக்கும். ஒரு சாட்சி குறைவு என்கிறது; மற்றொரு சாட்சி மிகுதி என்கிறது. இந்த முரண்பாடுதான் எங்களுக்கு வழிகாட்டிற்று.

சைலென்சர் குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் சோப்பு நீரைத் தடவிக் குழாயினுள் காற்றைச் செலுத்தினோம். குமிழி எழுந்தது. புதிய சைலென்சரைப் பொருத்தியவர்கள் நசுங்கிய பழைய கேஸ்கெட்டையே மீண்டும் வைத்திருக்கிறார்கள். குழாயில் புகை விட்டு விட்டுத்தான் பாய்கிறது. ஒரு பாய்ச்சலுக்கும் மறு பாய்ச்சலுக்கும் இடையே உள் அழுத்தம் தாழும்போது, அந்தச் சிறு இடுக்கு வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றை முகர்ந்த சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று நம்பியது. சில ரூபாய் விலையுள்ள கேஸ்கெட் செய்த வேலைக்கு, விலையுயர்ந்த பெட்டி பழி சுமந்தது.

இந்த அனுபவத்திற்குப் பின் எங்கள் பட்டறையில் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். தொழில் கற்கும் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் பாட்டரி. கரகம்பாடியில் பாட்டரித் தொழிற்சாலை இருக்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.5 வோல்ட்டும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். மின்சாரம் தாழ்ந்தால் பம்ப் சோரும்; இன்ஜெக்டர் தாமதமாகத் திறக்கும்.

இரண்டாவது, காற்று செல்லும் வழி. ஆக்சிலேட்டர் தட்டுக்கும் இஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் நின்றோட்டம் அலையும். காற்றழுத்தத்தை அளக்கும் வண்டியில், அந்தக் கசிவால் அழுத்தம் உயர, பெட்டி பெட்ரோலைக் கூட்டும், வேகம் ஏறும். உள்ளே செல்லும் காற்றின் அளவையே அளக்கும் கார்களிலோ, கணக்கில் வராத காற்று நுழைந்து பெட்ரோல் குறைந்துபோகும். கசிவு ஒன்று, குணம் இரண்டு.

மூன்றாவது, புகை செல்லும் வழி. சென்சாருக்கு முன்னால் இடுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். கழற்றிய கேஸ்கெட்டை மீண்டும் இடுதல் ஆகாது.

நான்காவது, ஆக்சிலேட்டர். கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, தட்டில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். துப்புரவு செய்தபின், தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி பெட்டிக்குப் புதிய நிலையைக் கற்பிக்க வேண்டும். முத்திரையிட்ட திருகைத் தொடலாகாது.

ஐந்தாவது, பெட்ரோல். பல வண்டிகளில் அதன் அழுத்தம் 3 பார் அளவில் இருக்கும். இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். தூய பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், இக்கலவைக்கு 13.5 அளவே போதும். அதாவது, அதே காற்றுக்குப் பெட்ரோல் சற்று மிகுதியாக வேண்டும். எத்தனால் நீரையும் ஈர்க்கும். நெடுநாள் நிறுத்திய வண்டியின் டாங்க் அடியில் நீர் தங்கினால், பம்ப் முதலில் அதைத்தான் உறிஞ்சும்.

இவ்வைந்தையும் பார்த்த பிறகே பெட்டியைப் பற்றி ஐயுற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றுமுன் இருந்த நிலையைத் தாளில் எழுதி வைக்க. நான்கை ஒருங்கே மாற்றினால் எது தீர்த்தது, எது கெடுத்தது என்று எவராலும் சொல்ல இயலாது.

இன்னும் ஒன்று. நின்றோட்டக் குறை கண்ணுக்குத் தெரிவது. தெரியாத தீங்கு ஏற்றத்தில் இருக்கிறது. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 700 மீட்டர் ஏறுகிறோம். அங்கே காற்றின் அழுத்தம் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு குறைகிறது. பழைய கார்புரேட்டரில் இதனால் பெட்ரோல் மிகுதியாகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்டி தானே திருத்திக்கொள்ளும். ஆனால் இருவரை ஏற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து ஏறும்போது, பெரும்பாலான வண்டிகளில் பெட்டி ஆக்சிஜன் சென்சாரைக் கேட்பதில்லை. தொழிற்சாலையில் எழுதிய கணக்கையே நம்புகிறது. திறந்த ஃபில்டர் இட்டுக் காற்றைக் கூட்டியவர்கள் அக்கணக்கைப் பொய்யாக்கிவிட்டார்கள். திருத்துவார் இல்லாத அந்த இடத்தில் பெட்ரோல் குறைந்து, இஞ்சின் கொதித்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளக் கூடும். ஆகவே, நின்றோட்டம் சீராகிவிட்டது என்பதாலேயே மாற்றம் பொருந்திவிட்டது என்று கொள்ளல் தவறு.

சட்டமும் இதில் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஓசைக்காகச் சைலென்சரை மாற்றும் இளைஞர்கள் இதை அறிய வேண்டும். மாற்றித் தரும் நாங்களும் அறிய வேண்டும்.

அந்த இளைஞரின் வண்டியில் இன்று பழைய ஃபில்டரும் பழைய சைலென்சரும் புதிய கேஸ்கெட்டும் இருக்கின்றன. பெட்டி அதே பெட்டிதான். நாள்தோறும் மருந்துப் பொட்டலங்களோடு சந்திரகிரி வழியே அவர் போய் வருகிறார். அவருடைய தாயார் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை ஐயா. ஆனால் இனிமேல், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்" என்றார்கள். எந்தத் தொழிற்பள்ளியிலும் நாங்கள் பெறாத பாடம் அது.

சங்கத்தாரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மூத்த மெக்கானிக்குகளின் செவியறிவும், இளைஞர்களின் கருவியறிவும் தனித்தனியே கிடக்கின்றன. பிளக்கின் கரியைப் படிக்க மூத்தவருக்குத் தெரியும். ஸ்கேனரின் எண்ணைப் படிக்க இளையவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் படித்ததால்தான் எங்களுக்கு விடை கிடைத்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் ஓர் அறை தாருங்கள். பழுதான உறுப்புகளை நாங்கள் கொண்டுவருகிறோம். தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே அமர்ந்து கற்கட்டும்.