விரலால் ஏறாத போல்ட்



வீட்டு வாசலில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய அப்சார்பரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறவர்கள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தாமானுக்குள் போனாலும் ஒருவரையாவது பார்க்கலாம். பாகங்கள் இணையத்தில் வாங்கினால் வீடு தேடி வருகின்றன, ஸ்பேனர் செட் கைவசம் இருக்கிறது, கூலியும் மிச்சம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வேலையில் ஒரு கெட்ட நொடி உண்டு. போல்ட்டை முடுக்கிக்கொண்டே வருகிறீர்கள். பிடி இறுகி வருகிறது. சட்டென்று கை லேசாகிறது. இன்னும் சுற்றினால் இன்னும் சுற்றுகிறது. துளைக்குள் மரை போய்விட்டது.

அந்த போல்ட்டை மெல்ல வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அதன் பள்ளங்களில் பளபளக்கும் மெல்லிய உலோகச் சுருள் ஒன்று சுற்றிக்கொண்டு வந்திருக்கும். நகத்தால் நெம்பினால் அப்படியே கழன்று வரும். அது போல்ட்டின் மரை அல்ல, துளையின் மரை. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்திருக்கும். அது உறுதியான எஃகு என்பதற்கு அடையாளம். துளை இருப்பதோ வார்ப்பிரும்பிலோ அலுமினியத்திலோ. இரண்டும் மோதினால் மென்மையானது தோற்கும். ஆகவே போல்ட்டை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கெட்டது காரோடு இருக்கிற பகுதி.

ஏன் கெடுகிறது? பலம் அதிகமாகப் போட்டதால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், பாதி மரைகள் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன. ஹார்டுவேர் கடைக்குப் போய், "அண்ணே, 10 மில்லி போல்ட் ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறோம் பாருங்கள், சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

10 மில்லி என்பது போல்ட்டின் தடிமன் மட்டும்தான். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி தனிக் கணக்கு. அதைப் பிட்ச் என்கிறோம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 மில்லி போல்ட்டின் பிட்ச் 1.5 மில்லி. நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை எந்த வம்சம்? 1985 ஜூலை 9-ஆம் தேதி வெளியான முதல் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷி லான்சரிலிருந்து பிறந்தது. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹாட்சு மீராவின் பிள்ளை. ஜப்பான்காரர்கள் தங்கள் கார்களின் 10 மில்லி போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 1.25 பிட்ச்தான் வைக்கிறார்கள். ஐரோப்பிய கார்களில் 1.5 சாதாரணம். தவறான போல்ட்டும் முதல் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். அதற்குப் பிறகு படி உயரம் வேறான இரண்டு ஏணிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்த கதைதான். ஐந்தாவது மரை வருவதற்குள் ஒரு முழு மரை தூரம் விலகிவிடும். அந்த இடத்தில், "துருவா இருக்கும், ஒரு தம் பிடிச்சா போயிடும்" என்று நீளமான கைப்பிடியை மாட்டி அழுத்துகிறோம். போகத்தான் செய்யும், துளையின் மரையை உரித்துக்கொண்டு.

இந்தக் குழப்பம் நம் ஊருக்குப் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸும் செந்தூலில் ரயில்வேயின் பெரிய பட்டறையும் இருந்த காலத்தில், நம்மவர்கள் பலர் அங்கே ஃபிட்டர்களாக வேலை பார்த்தார்கள். அப்போது பிரிட்டிஷ் அங்குலக் கணக்கு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரைக்கு 55 டிகிரி கோணம். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் முன்வைத்தது 60 டிகிரி. இன்று நம் கார்களில் இருக்கும் மெட்ரிக் மரைக்கும் 60 டிகிரிதான். அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவும் கோணமும் பிட்சும் வேறாகவும் இருக்கும் போல்ட்டுகள் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் ஃபிட்டர் வேலை கற்றுக்கொடுப்பவர்கள் முதல் பாடமாக இதைச் சொல்வார்கள்: போல்ட்டை முதலில் விரலால் ஏற்று. நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். போகாவிட்டால் நிறுத்து, கழற்று, ஏன் என்று பார். சஸ்பென்ஷன் வேலை செய்கிற எவருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதைச் செய்யாமல் விட்டதற்கான வைத்தியம்.

சரி, விரலால் ஏறவில்லை. பிட்சும் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் துளைக்குள் துரு இருக்கும், மண் இருக்கும். நம் ஊர் மழையும் வெக்கையும் சும்மா விடுமா? கடலோரம் கிள்ளான் துறைமுகம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ கார்கள் முழுகிக் கிடந்தன. அப்படி முழுகி எழுந்த வண்டிகள் கைமாறி இன்றும் ஓடலாம். பழைய காரை வாங்கியவர்கள் அடிப்பாகத்து போல்ட்டுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு தொடுவது நல்லது. கழற்றுவதற்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள். கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத் தேய்த்து எடுங்கள். துளையைச் சுத்தம் செய்ய ஓர் எளிய கைவேலை உண்டு: அதே அளவு, அதே பிட்ச் உள்ள பழைய போல்ட் ஒன்றை எடுத்து, அதன் மரையின் குறுக்கே நீளவாக்கில் ஹேக்சாவால் இரண்டு மூன்று கோடு அறுத்து, பிசிறை அரத்தால் நீக்குங்கள். எண்ணெய் தொட்டு, விரலால் துளைக்குள் ஏற்றி, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று திருப்பிக்கொண்டே போங்கள். துருவும் மண்ணும் அறுத்த கோடுகளில் வந்து சேரும். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

இப்போது மரை உண்மையிலேயே போய்விட்ட துளைக்கு வருவோம். எல்லாத் துளையும் ஒன்றல்ல. அப்சார்பரை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடிக்கும் பெரிய போல்ட்டுகள் பல கார்களில் ஊடுருவிப் போய் மறுபக்கம் நட்டில் முடியும். அங்கே கெட்டால் கவலையே வேண்டாம், போல்ட்டையும் நட்டையும் ஒரே தரத்தில் ஜோடியாக மாற்றிவிடலாம். ஸ்டெபிலைசர் லிங்க் கெட்டாலும் லிங்க்கையே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

உலோகத்துக்குள்ளேயே மரை வெட்டிய துளைதான் தலைவலி. பிரேக் காலிப்பரைப் பிடிக்கும் போல்ட் நக்கிளில் இறங்கும் துளை அந்த வகை. இதற்கு ஹெலிகாயில் என்ற வழி இருக்கிறது. கெட்ட மரையை டிரில் போட்டு முழுக்க எடுத்துவிட்டு, சற்றுப் பெரிய மரையை அதற்கென்றே உள்ள டேப்பால் வெட்டி, அதற்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளைத் திருகி உட்கார வைப்பது. சுருளின் உள்பக்கம் உங்கள் பழைய போல்ட்டுக்கான அதே மரை. அலுமினியத்தில் இதைச் சரியாகச் செய்தால் பழைய மரையைவிடப் பலமாகவே இருக்கும். புது இயந்திரங்களிலேயே இதைப் போட்டு அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் டிரில் நேராக இறங்க வேண்டும். காரின் அடியில் படுத்துக்கொண்டு கைடிரில்லால் நேராகப் போடுவது லேசான காரியமில்லை. நக்கிளைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள் என்பேன். இல்லையென்றால் கிள்ளானில் ஜப்பான் ஹாஃப்-கட் சாமான் விற்கும் கடைகளில் அதே மாடல் நக்கிள் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

லோவர் ஆர்ம் போல்ட் வேறு விதம். சில கார்களில் அது சட்டத்தின் பெட்டி போன்ற பகுதிக்குள் வெல்டிங் செய்து வைத்த நட்டில் போய் இறங்கும். அந்த நட்டின் மரை போனாலும், வெல்டிங் விட்டு நட்டே சுற்றினாலும், உள்ளே கை போகாது. தகட்டை வெட்டித் திறந்து புது நட் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அது வீட்டு வேலை அல்ல.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குவது, அலுமினியத் தாளைத் திணிப்பது, எப்பாக்சி பசையை நிரப்பி மறுநாள் போல்ட்டைப் போடுவது, இவை எதையும் சஸ்பென்ஷனில் செய்யவே கூடாது. போல்ட் பிடித்துக்கொள்வது எதனால்? முடுக்கும்போது எஃகு மிகச் சிறிதளவு நீண்டு, சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் நெருக்கி வைக்கிறது. அந்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் மரை ஒன்றின் மீதே விழுகிறது. பசையும் தாளும் கையில் இறுக்கம் போலத் தெரியும், அந்த இழுவிசையைத் தாங்காது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கும்போது அது தெரியவரும். பக்கத்துப் பாதையில் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர் இருப்பார். நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை கிடையாது. நீங்கள் ஒட்டவைத்ததைக் கண்டுபிடிக்க இன்னொருவர் வரப்போவதில்லை.

வேலை முடிந்ததும் ஏர் கன்னையோ நீளக் கைப்பிடியையோ நம்பாமல் டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் காரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு முடுக்குங்கள். அந்த அளவு வருவதற்குள் ரெஞ்ச் இழைய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், வண்டி ஜாக்கி ஸ்டாண்டிலேயே இருக்கட்டும். போர்மனிடம் கொண்டுபோவதாக இருந்தால், எந்தத் துளையில் மரை போனது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால், அவர் தெரியாமல் அதே துளையில் மறுபடி முடுக்குவார்.

எல்லாம் சரியாக இறுகியிருந்தால், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயிண்ட் பேனாவால் நேராக ஒரு கோடு போட்டு வையுங்கள். முதல் வாரம் ஒருமுறை, பிறகு காரைக் கழுவும்போதெல்லாம் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்தக் காரை எடுக்காதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.